இந்தக் கீரை எந்தத் தண்ணீர் குடித்தது?

பிரிக்பீல்ட்ஸ் என்றதும் பூமாலையும் புடவைக் கடையும் வாழையிலைச் சாப்பாடும் நினைவுக்கு வரும். பெயருக்குக் காரணம் செங்கல் சூளை. 1881இல் கோலாலம்பூர் முதலில் தீயிலும் பிறகு வெள்ளத்திலும் அழிந்தது. இனி அத்தாப்புக் கூரை வேண்டாம், செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டுங்கள் என்று பிரிட்டிஷ் நிர்வாகம் உத்தரவு போட்டது. இந்தப் பகுதியின் களிமண் அதற்கு வாகாக இருந்ததால் சூளைகள் இங்கே எழுந்தன. கோலாலம்பூர் என்ற பெயருக்கே சேற்றுக் கூடல் என்றுதான் பொருள். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கலக்கும் இடத்துச் சேறு அது.

அந்தக் கிள்ளான் ஆறு பிரிக்பீல்ட்ஸின் பின்வாசலில் இன்றும் ஓடுகிறது. துன் சம்பந்தன் சாலையில் வளைவுகளைப் பார்த்தபடி நடப்பவர்களுக்குத் தெரியாது. இருபுறமும் சிமெண்டுச் சுவர், மேலே நெடுஞ்சாலை, அடியில் தேநீர் நிறத்தில் தண்ணீர். மலையில் பிறந்து, சுமார் 120 கிலோமீட்டர் ஓடி, கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடலில் சேர்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் குடியிருக்கும் நம் எல்லோருடைய கழுவிய நீரும் கடைசியில் போய்ச் சேருகிற இடம் அதுதான்.

நான் வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துகிறவள். அரசியல் பேசினால் பத்து அழைப்பு வரும். கீரை பற்றிப் பேசினால் தொலைபேசி ஓயாது. இரத்தசோகைக்கு எந்தக் கீரை நல்லது என்று ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தபோது கிள்ளானிலிருந்து ஒரு அக்கா அழைத்தார். "கங்கோங் நல்லதா கெட்டதான்னு நான் கேக்கலமா. அது எந்தத் தண்ணியில வளர்ந்ததுன்னு கடையில நின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதைச் சொல்லுங்க." அடுத்த பாட்டுக்கு நேரமாகிவிட்டது. ஆனால் கேள்வி கலையத்தை விட்டு என்னோடு வெளியே வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை கே.எல். சென்ட்ரலில் கிள்ளான் போகும் கொமுட்டர் ரயில் ஏறினேன். ஆற்றையும் அதன் கரையில் வளர்வதையும் ஒரே நாளில் பார்க்க அதைவிட மலிவான வழி இல்லை.

அப்துல்லா ஹுகும் நிலையம் வரும்போதே ஆறு ஜன்னலோரம் வந்துவிடுகிறது. ஒரு பக்கம் பேரங்காடி, மறு பக்கம் வானுயர்ந்த அடுக்குமாடி, நடுவில் இது. இந்த ஆற்றைச் சுத்தம் செய்ய அரசாங்கம் கொஞ்சநஞ்சமா செலவழித்திருக்கிறது! 'ரிவர் ஆஃப் லைஃப்' திட்டத்துக்கு ஒதுக்கியது 440 கோடி வெள்ளி. மஸ்ஜித் ஜாமெக் அருகே நீல விளக்கும் புகையுமாக 2017இல் திறந்தார்களே, அந்த அழகு இதன் ஒரு பகுதிதான். கீழே கிள்ளானில் 2019இலிருந்து ஒரு வெள்ளை மிதவை எந்திரம் குப்பையை வாரிக்கொண்டிருக்கிறது. நெதர்லாந்து நாட்டு 'தி ஓஷன் கிளீன்அப்' அமைப்பு வடிவமைத்தது. இதெல்லாம் வேண்டாத வேலை என்று நான் சொல்லமாட்டேன். நாற்றமும் குப்பையும் குறைந்தால் நல்லதுதான்.

கேள்வி வேறு. ஆறு சுத்தமாகிவிட்டது, மாசடைந்திருக்கிறது என்றெல்லாம் செய்தியில் வாசிக்கிறோமே, எதை வைத்து அதைச் சொல்கிறார்கள்? நம் சுற்றுச்சூழல் துறைக்கு நீர்த்தரக் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. அது ஆறு அளவுகளைக் கூட்டிப் போடும் மதிப்பெண். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன், உயிரினங்கள் உறிஞ்சும் ஆக்சிஜன், ரசாயனம் உறிஞ்சும் ஆக்சிஜன், அமோனியா, மிதக்கும் துகள், புளிப்புத் தன்மை. அவ்வளவுதான். காரீயம் அதில் இல்லை. காட்மியம் இல்லை. ஆர்சனிக், பாதரசம், குரோமியம் எதுவும் இல்லை. உலோகங்களைத் தனியாக அளக்க முடியும், அளக்கவும் செய்கிறார்கள். ஆனால் 'இந்த ஆறு தேறிவிட்டது' என்று அறிவிக்கும் அந்த ஒற்றை எண்ணுக்குள் உலோகத்துக்கு இடம் கிடையாது.

அதே துறை ஆறுகளை வகுப்பு வகுப்பாகவும் பிரித்திருக்கிறது. முதல் வகுப்பு, இயற்கையாக விட்டுவைக்க வேண்டியது. இரண்டாவது குடிநீருக்கும் குளிக்கவும். மூன்றாவதற்குக் கடுமையான சுத்திகரிப்பு தேவை. நான்காவது பாசனத்துக்கு. ஐந்தாவது எதற்கும் ஆகாது. குடிக்க முடியாத, இறங்கிக் குளிக்கக் கூடாத தண்ணீர் செடிக்குப் போகலாம் என்று அர்த்தம். செடி குடித்ததை நாம் சாப்பிடுகிறோம் என்பது அடுத்த பக்கத்தில் வரும் சமாசாரம் போலிருக்கிறது.

பந்தாய் டாலாமில் ரயில் நின்றது. இங்கே ஒரு பூங்காவுக்கு அடியில், நிலத்துக்குக் கீழே, பிரமாண்டமான கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. 14 லட்சம் பேரின் கழிவைத் தாங்கும் அளவுக்குக் கட்டியது. மேலே பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். நம் வீட்டுக் கழிவறையில் இழுத்துவிட்டது இங்கே வந்து தெளிந்து ஆற்றில் இறங்குகிறது. கழிவுநீர் என்றாலே முகம் சுளிப்பது நமக்குப் பழக்கம். உண்மையில் வீட்டுக் கழிவுநீர் செடிக்கு ஒருவகை எரு. கொல்கத்தாவின் கிழக்கே நகரத்துச் சாக்கடையை ஏரிகளில் தேக்கி மீனும் காய்கறியும் வளர்ப்பது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. கம்போடியாவின் புனோம்பென்னில் நகரக் கழிவு தேங்கும் ஏரியில்தான் கங்கோங் படர்கிறது. கழிவுநீரைப் பயிருக்குப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி என்று உலக சுகாதார நிறுவனமே 2006இல் வழிகாட்டி எழுதியிருக்கிறது. அதில் வரும் கிருமியைக் கொதிக்க வைத்துக் கொல்லலாம். சிக்கல், வீட்டுத் தண்ணீரோடு பட்டறைத் தண்ணீர் கலக்கும்போது வருகிறது. முலாம் பூசும் கூடம், பேட்டரிக் கடை, சாயப் பட்டறை, உலோகம் கழுவும் இடம். உலோகம் வெந்தாலும் சாகாது, மட்கவும் மட்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகள் 2009இல் திருத்தி எழுதப்பட்டவை. அதில் இரண்டு தரம். குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே இருக்கும் ஆலைக்கு 'ஏ' தரம், கீழே இருக்கும் ஆலைக்கு 'பி' தரம். காட்மியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஏ' என்றால் ஒரு லிட்டரில் 0.01 மில்லிகிராம், 'பி' என்றால் 0.02. காரீயம் 'ஏ'யில் 0.1, 'பி'யில் 0.5. நாம் குடிக்கும் தண்ணீருக்கு மேலே கண்டிப்பு, கீழே சலுகை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு பாசனத் தண்ணீரில் காட்மியம் 0.01க்கு மேல் போகவேண்டாம் என்கிறது. ஆக, சட்டத்தை ஒரு புள்ளி மீறாத ஆலையின் குழாயிலிருந்துகூடப் பயிருக்குச் சொன்ன அளவைப்போல இரண்டு மடங்கு வரலாம். ஆற்றில் விழுந்ததும் நீர்த்துப்போகும் என்பார்கள், அது சரிதான். ஆற்றை அடைவதற்கு முன் லோங்காங்கிலேயே யாராவது வாளியை விட்டால்?

பெட்டாலிங் தாண்டியதும் ஆறு தெற்கே பூச்சோங் பக்கம் வளைந்து போய்விட்டது. ரயில் நேராக ஓடியது. செத்தியா ஜெயாவில் இறங்கினால் சன்வே பக்கம். நீர்விளையாட்டுப் பூங்கா இருக்கும் அந்தப் பள்ளம் ஒரு காலத்தில் ஈய லம்பம் என்பது நம் பெற்றோருக்குத் தெரியும். கோலாலம்பூர் என்ற நகரமே லம்பத்தால் வந்ததுதான். 1857இல் 87 சீனத் தொழிலாளர்கள் ஆற்றில் வந்து இறங்கி அம்பாங்கில் ஈயம் தோண்டினார்கள். அன்று தொடங்கிய தோண்டல் 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை விழுந்ததோடு ஏறக்குறைய முடிந்தது. மிஞ்சியவை மணல்மேடும் குட்டையும்.

இங்கே ஒரு சொல் குழப்பம். மலேசியத் தமிழருக்கு ஈயம் என்றால் லம்பத்து ஈயம், அதாவது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் அதுதான். அது பெரிய ஆபத்து இல்லை. மூளையைத் தாக்கும் நஞ்சு காரீயம், பழைய பேட்டரியிலும் பழைய பெயிண்டிலும் இருப்பது. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்துப் பழகிவிட்டதால் 'ஈயம் கலந்த கீரை' என்று சொன்னால் நம் பெரியவர்கள் 'நாங்க லம்பத்துப் பக்கத்துலதானே வளர்ந்தோம்' என்று சிரித்துவிடுகிறார்கள். லம்ப மண்ணில் கவனிக்க வேண்டியது வெள்ளீயத்தைவிட அதன் கூட்டாளிகளை. ஈயத் தாதுவோடு ஒட்டிப் பிறப்பது ஆர்சனிக் கலந்த தாது. தோண்டி, கழுவி, காற்றிலும் மழையிலும் போட்டுவிட்டால் அது மெல்ல மெல்லத் தண்ணீரில் இறங்கும். 2014 வறட்சியில் சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு நடந்ததே, அப்போது பழைய லம்பக் குட்டைத் தண்ணீரைக் குடிநீர் ஆற்றில் சேர்க்கலாமா என்று பெரிய விவாதம் எழுந்தது. குடிநீருக்கு விவாதமாவது நடந்தது. அதே குட்டைகளிலிருந்து பம்பு வைத்துக் கீரைப் பாத்திக்கு இறைப்பதைப் பற்றி யாரும் விவாதித்து நான் கேட்டதில்லை.

2020 செப்டம்பரையும் நினைத்துக்கொள்ளுங்கள். ரவாங் பக்கம் சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்து சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றன. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட தண்ணீர்க் கணக்குகளுக்குக் குழாய் காய்ந்தது. வாளியோடு வரிசையில் நின்றோம். ஏன் நிறுத்தினார்கள்? தண்ணீர் நாறியது. மூக்கு காப்பாற்றியது. காட்மியத்துக்கு வாசம் கிடையாது. நிறமும் ருசியும் கிடையாது. கீரையை மூட அபாயச் சங்கும் கிடையாது.

ஷா ஆலமுக்கும் கிள்ளானுக்கும் நடுவே எங்கோ இறங்கி நடந்தேன். இடத்தைச் சொன்னால் நாளைக்கே நகராண்மைக் கழகத்து லோரி போய் நிற்கும் என்பதால் சொல்லவில்லை. உயர் மின்கம்பிக் கோபுரங்களுக்குக் கீழே நீண்ட நிலப்பட்டை. பள்ளத்தாக்கு முழுதும் இப்படிப் பட்டைகள் உண்டு. வீடு கட்ட முடியாத நிலம் என்பதால் யாராவது கீரை போட்டிருப்பார்கள். கங்கோங், சாவி, பாயம், ஓரத்தில் முருங்கை, ஈரம் கசியும் இடத்தில் வல்லாரை. அப்படி ஒரு துண்டு நிலத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் விற்கப்பட்டு வீட்டுமனையானதும் குடும்பத்தோடு மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்துவிட்டார். "எட்டாவது மாடியில உக்காந்து என்னா பண்றது? மண்ணு தொடாம கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றார். நாலு வாரத்தில் கங்கோங் அறுப்புக்கு வந்துவிடும். மாடியில் தெரிந்தவர்களுக்கும் ஞாயிறு காலையில் வாசலிலும் விற்பார். மருந்துக்கும் பேரப்பிள்ளை பள்ளிச் செலவுக்கும் அது ஆகிறது.

தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டேன். ஆற்றைக் கைகாட்டுவார் என்று நினைத்தேன். "அய்யய்யே, ஆத்துத் தண்ணி எடுக்கறதில்லமா. அது நாறும். நான் அந்த லோங்காங்லதான் எடுக்கறேன். தெளிவா வரும் பாரு" என்று கூட்டிப்போனார். உண்மையில் தெளிவாகத்தான் இருந்தது. அடிச் சிமெண்டு தெரிந்தது. லோங்காங்கின் மேல்முனையில் வரிசையாகத் தகரக் கூரைப் பட்டறைகள். கார் ரேடியேட்டர் பழுதுபார்க்கும் கடை, பழைய பேட்டரி அடுக்கிய கொட்டகை, உலோகத்துக்கு மெருகு போடும் கடை. அவர்கள் என்ன ஊற்றுகிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. ஒன்றும் ஊற்றாமலும் இருக்கலாம். ஆனால் நாறுகிற ஆற்றை ஒதுக்கி, தெளிந்த லோங்காங்கைத் தேர்ந்தெடுத்த அந்த அம்மா செய்தது நாம் எல்லோரும் செய்யக்கூடியதுதான். கண்ணும் மூக்கும் சொன்னதை நம்பினார். வேறு கருவியை யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை.

செடிக்கும் இதே ஏமாற்றம்தான். வேருக்குத் துத்தநாகம் வேண்டும். காட்மியம் வேதியியலில் துத்தநாகத்தின் தம்பி. அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு அதே வாசலில் நுழைந்து தண்டேறி இலைக்குப் போய்விடும். அதனால்தான் இலைக் காய்கறிகளில் அது அதிகம் சேர்கிறது. காரீயம் அப்படி ஏறுவதில்லை. பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும், ஆனால் தூசியாக இலைமேல் வந்து படியும். குரோமியமும் இலைவரை வருவது குறைவு. மண் எவ்வளவு புளிப்போ அவ்வளவுக்குக் காட்மியம் இளகும். மழை ஓயாத நம் நாட்டு மண் இயல்பாகவே புளிப்பு. தண்ணீரை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. பாஸ்பேட் உரத்திலேயே கொஞ்சம் காட்மியம் உண்டு. கோழி எருவில் தீவனத்திலிருந்து வந்த செம்பும் துத்தநாகமும் உண்டு. மலைமேல் விளைந்தது என்பதற்காக மட்டும் ஒரு காய்கறிக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது.

சரி, எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து? வானொலியில் கணக்குச் சொன்னால் நேயர்கள் அலைவரிசை மாற்றிவிடுவார்கள். இங்கே நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். அனைத்துலக நிபுணர் குழு 2010இல் வகுத்தபடி ஒருவர் தம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம் காட்மியம்வரை தாங்கலாம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம். இலைக் காய்கறிக்கு அனைத்துலக உணவுத் தர அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். அந்த எல்லையைத் தொட்டு நிற்கும் கங்கோங்கை 100 கிராம் சாப்பிட்டால் 20 மைக்ரோகிராம். பெரியவருக்குச் சமாளிக்கலாம். 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நாள் கணக்கு 12.5தான். அதன் தட்டில் 50 கிராம் வைத்தால் 10 போய்விட்டது. சோறும் மற்றதும் இன்னும் வரவில்லை. இது எல்லைக்குள் இருக்கும் கீரை என்பதையும் நினைவில் வையுங்கள். காரீயத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பான அளவே சொல்ல முடியாது என்று அதே குழு அதே ஆண்டில் பழைய அளவை விலக்கிக்கொண்டது.

ஒரு வேளைக் கீரையால் யாரும் படுக்கையில் விழப்போவதில்லை. காட்மியம் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால் அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டு ஆகும் என்பதுதான் விஷயம். அது சிட்டை போட்டு எழுதிவைக்கும் கடன்காரன். இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு மனைவியிடம் 'இனிமே கீரை வாங்காதே' என்று சொல்லப்போகும் அண்ணன்மார்களுக்கு ஒரு செய்தி: புகைபிடிப்பவர் உடலில் காட்மியம் மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. முதலில் சட்டைப்பையைப் பாருங்கள்.

நதித் தண்ணீர் பாய்ந்த வயல் ஒரு ஊரை என்ன செய்யும் என்பதற்கு ஜப்பானின் தொயாமா மாநிலம் சாட்சி. ஜின்சு ஆற்றின் மேற்பகுதியில் கமியோக்கா சுரங்கம். அதன் கழிவிலிருந்த காட்மியம் ஆற்றில் வந்து, ஆற்றுத் தண்ணீர் நெல் வயலில் பாய்ந்தது. அந்த அரிசியைச் சாப்பிட்ட பெண்களுக்கு, பெரும்பாலும் பிள்ளை பெற்று வயதான தாய்மார்களுக்கு, எலும்பு நொறுங்கியது. இருமினாலே முறியும். 'இதாய் இதாய்' என்று கத்தினார்கள். வலிக்குது, வலிக்குது என்று பொருள். நோய்க்கே அது பெயராகிவிட்டது. 1968இல் ஜப்பானிய அரசாங்கம் காரணம் சுரங்கக் கழிவுதான் என்று ஒப்புக்கொண்டது. வழக்கில் ஊர்மக்கள் ஜெயித்தார்கள். கதை அங்கே முடியவில்லை. ஆறு தெளிந்த பிறகும் மண்ணில் காட்மியம் இருந்தது. நிலத்தை மூடி, மேல்மண்ணை மாற்றிப் போடும் வேலை 33 ஆண்டு நடந்து 2012இல்தான் நிறைவடைந்தது. ஆற்றைக் கழுவலாம். மண்ணைக் கழுவ ஒரு தலைமுறை வேண்டும்.

நம்மில் பலருக்குப் பாட்டனார் ஊர் பழைய வட ஆற்காடு. அங்கே பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஆலைக் கழிவால் கிணறும் நிலமும் கெட்டதற்காக வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை அந்நாட்டுச் சட்டத்தில் ஊன்றியது. அவர்களுக்கு எந்த ஆலைகள் என்று தெரிந்தது. லோங்காங்கின் மேல்முனையில் இருபது தகரக் கொட்டகை இருந்தால் யார்மேல் வழக்குப் போடுவது?

கிள்ளானுக்கு வந்து சேர்ந்தேன். இங்கே ஆறு அகலமாகி, கடல் ஏற்றத்தின்போது பின்னோக்கித் தள்ளப்படும். மேலேயிருந்து வந்த வண்டல் படியும் இடமும் இந்தக் கீழ்ப்பகுதிதான். உலோகம் தண்ணீரில் மிதப்பதைவிட நுண்ணிய சேற்றில் ஒட்டிக்கொள்வதே அதிகம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக்குள் வந்த சேற்றை நினைத்துப் பார்க்கிறேன். சோபாவையும் ஐஸ்பெட்டியையும் வீதியில் போட்டோம். பின்புறத் தோட்டத்தில் படிந்த சேற்றை அப்படியே விட்டோம். அதில் மறுபடி கறிவேப்பிலையும் கீரையும் தளிர்த்தன. 'சேறு எருதானே' என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. அந்த மண்ணைச் சோதிக்க அப்போது ஒரு நடமாடும் வண்டி வந்திருந்தால் எவ்வளவு உபயோகமாக இருந்திருக்கும்!

ஜாலான் தெங்கு கிளானாவில் இந்தியர் கடைகளைக் கடந்து சந்தைப் பக்கம் போனேன். கீரை கட்டுக் கட்டாக வாழைநாரில் கட்டிக் கிடந்தது. பேரங்காடிக்குப் போனால் பிளாஸ்டிக் பையில் பண்ணைப் பெயர், முகவரி, தரம் எல்லாம் அச்சடித்திருக்கும். தரம் பிரித்து, பொட்டலம் கட்டி, சீட்டு ஒட்ட வேண்டும் என்று 2008இல் விதி வந்தது. மைகேப் என்ற விவசாயச் சான்றிதழும் 2013இலிருந்து இருக்கிறது. சான்றிதழ் கேட்கும் பண்ணை மண்ணையும் தண்ணீரையும் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பையில் ஏறுவது பெரிய பண்ணையின் கீரை. மின்கம்பிக்குக் கீழே குனிந்து நிற்கும் அம்மாவின் கீரைக்குச் சீட்டு இல்லை. அதை வாங்குகிறவருக்கோ அந்தப் பையின் விலை கட்டுப்படியாகாது. என் ஆதங்கம் அங்கேதான். யாருக்கு இரும்புச் சத்து அவசரமாக வேண்டுமோ, யார் வீட்டில் கீரைதான் மலிவான மருந்தோ, அவர்கள் வாங்கும் கீரைக்குத்தான் முகவரி இல்லை. இன்னொன்று, உடலில் இரும்பு குறைந்தவர்கள் காட்மியத்தை அதிகமாக உறிஞ்சுவார்கள். இரத்தசோகை உள்ள நம் பெண்கள் கீரையை நிறுத்தினால் அது இரட்டை நஷ்டம்.

அதனால் கீரை வேண்டாம் என்று எந்த நேயரிடமும் நான் சொல்லப்போவதில்லை. ஓடும் தண்ணீரில் நாலு முறை அலசினால் மேலே படிந்த காரீயத் தூசி போகும். உள்ளே ஏறியது போகாது. வாரம் முழுக்க ஒரே இடத்துக் கங்கோங்கைச் சாப்பிடாமல் மாற்றி மாற்றி வாங்கலாம். லோங்காங் ஓரத்தில் தானாக முளைத்த கங்கோங்கையும் வல்லாரையையும், எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும், பறிக்க வேண்டாம். சொந்தமாகப் போடுகிறவர்கள் மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டால் புளிப்பு குறைந்து காட்மியம் அடங்கும். மண்மேல் சந்தேகம் இருந்தால் கீரைக்குப் பதில் பாகல், புடலை, பயற்றங்காய். காய்க்குள் உலோகம் இலை அளவுக்குப் போவதில்லை. இதை அந்த அம்மாவிடமும் சொல்லிப் பார்த்தேன். "கீரை நாலு வாரத்துல காசுமா. பாகக்காய்க்குப் பந்தல் போட மூங்கில் நீ வாங்கித் தருவியா?" என்று கேட்டார். மழைத்தண்ணீர் பிடிக்கப் பெரிய பீப்பாய் இரண்டு கிடைத்தால் லோங்காங் பக்கமே போகமாட்டேன் என்றும் சொன்னார். இந்த ஊரில் பெய்யும் மழைக்கு அது ஒன்றும் பேராசை இல்லை. 440 கோடி வெள்ளியில் பீப்பாய்க்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடத் தோன்றியது. ஊர் ஊராகப் போய் இந்தச் சின்னப் பாத்திகளின் மண்ணையும் தண்ணீரையும் இலவசமாகச் சோதித்துக் கொடுக்க விவசாயத் துறையால் முடியும். பிடுங்கி எறியும் லோரிக்கு முன்னால் சோதனை வண்டி வரவேண்டும்.

சந்தையில் ஒரு கடையில் நின்று இரண்டு கட்டு கங்கோங் எடுத்தேன். எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கடைக்காரத் தம்பிக்கு முப்பது வயது இருக்கும்.

"பாசார் போரோங்லேர்ந்து வருதுக்கா."

"அங்கே எங்கேர்ந்து வருது?"

யோசித்தார். கையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்து லோரிக்காரரை அழைத்தார். மலாயில் கொஞ்ச நேரம் பேசினார். இடையில் ஒருமுறை சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "டெங்கில் பக்கமாம். குட்டைத் தண்ணியா குழாத் தண்ணியான்னு அவருக்கும் தெரியலையாம், நாளைக்கு விசாரிச்சிச் சொல்றேன்றாரு. பன்னெண்டு வருசமா கடை வச்சிருக்கேன்க்கா, இதை யாரும் கேட்டதில்ல" என்றார்.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அம்மா கையிலிருந்த சாவிக் கட்டைத் தூக்கிக் காட்டினார். "அப்ப இது எங்கேர்ந்து தம்பி?"